கம்பு கழற்றாத பள்ளிவாசல்

றலியா பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். அந்த வீட்டுக் குசினி ஜன்னலைத் திறந்தால் பேராலயத்தின் குவிமாடம் வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். சட்டி கழுவிக்கொண்டே அதைப் பார்ப்பாள். இவ்வளவு பெரிய வட்டத்தை எந்தக் கயிற்றைப் பிடித்து அளந்திருப்பார்கள், மேலே போகப் போக அது எப்படி உள்ளுக்குள் சரிந்து விழாமல் நிற்கிறது என்று யோசிப்பாள். "புள்ள சட்டியக் கழுவுறா இல்ல, தேச்சி ஓட்ட போடப் பாக்குறா," என்று அவளுடைய உம்மா திட்டுவார்.

கல்யாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்தபோது குவிமாடம் போய்க் கடல் வந்தது. பிறகு கடலும் போயிற்று. வீட்டுக்கு முன்னால் ஓடும் குறுகிய ஒழுங்கையின் அந்தப் பக்கம் பத்து மாடி எழும்பிவிட்டது. எழுப்பியது வேறு யாருமில்லை, அவளுடைய புருஷன் ஹமீட்தான். "என்ட ஊட்டுக்கு வாற காத்த நானே மறிச்சிட்டேன்," என்று அவரே நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஹமீட் கட்டிடக் கொன்ட்ராக்டர். வீதியால் போகும்போது ஒரு கட்டிடத்தைக் கண்டால் அதன் கொங்கிறீட் கலவை, கம்பியின் தடிப்பு, பூச்சு வேலை செய்த மேசன் பாஸ் நிதானமானவனா அவசரக்காரனா என்பதெல்லாம் சொல்லிவிடுவார். பக்கத்து சீட்டில் இருக்கும் றலியாவுக்கு அதன் முகம்தான் தெரியும்.

"இது கோவத்துல ஈக்கிற கட்டிடம்," என்பாள். "அந்தா, அது பெருநாளைக்கு முழுகிட்டு நிக்கிது."

"கட்டிடத்துக்கு எங்க மொகம்? எலிவேஷன் என்டு சொல்லு."

"எலிவேஷன் கோவமா ஈக்கிது."

இப்படியே முப்பது வருஷத்துக்குக் கிட்ட ஓடிவிட்டது. பிள்ளைகள் வளர்ந்தார்கள். மகன் ஸியாம் டோஹாவுக்குப் போனான். மகள் அம்னா ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். றலியா பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்த்ததை யாரும் கேட்டதில்லை.

கேட்டது மேனுகா. அம்னாவின் சிநேகிதி. கறுவாத்தோட்டத்தில் பழைய பங்களா ஒன்றைக் கலைக்கூடமாக்கியிருந்தார்கள், அங்கே அவளுக்கு வேலை. அமெரிக்காவினதும் ஆபிரிக்காவினதும் கலை, கட்டிடங்கள், பிறகு நவீன ஓவியம் என்று மூன்று அறைகளில் ஒரு கண்காட்சி வரப்போகிறது, பாடசாலைப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள், சிங்களத்தில் சொல்ல ஆள் இருக்கிறது, தமிழில் சொல்ல ஆள் இல்லை. இதை அவள் அம்னாவிடம் புலம்பிக்கொண்டிருந்தபோது றலியா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். மேனுகா காட்டிய படத்தைக் குனிந்து பார்த்து, "இந்தக் கட்டிடம் தலப்பாக் கட்டி நிக்கிது," என்று சிங்களத்தில் சொன்னாள்.

அது நியூயோர்க்கில் உள்ள ஒரு வானளாவி. உச்சியில் பளபளக்கும் வளைவுகள், ஒன்றின் மேல் ஒன்றாக மடித்துச் சுற்றியது போல. மேனுகா தேத்தண்ணியைக் குடிக்க மறந்து அவளையே பார்த்தாள்.

"அன்ட்டி, நீங்கள் வந்தால் என்ன?"

வேலைக்கு எடுத்ததாக அதற்கு அர்த்தமில்லை. கலைக்கூட இயக்குநருக்கு வேறு எண்ணம் இருந்தது. நல்ல குரலாக ஒன்றைப் பிடித்துத் தமிழில் ஒலிப்பதிவு செய்து, பிள்ளைகளின் காதில் மாட்டிவிட்டால் அலுவல் முடிந்தது, பிழையும் வராது என்பது அவருடைய கட்சி. மேனுகா மன்றாடி ஒரு வாரம் கேட்டு வாங்கினாள். முதல் வாரம் றலியா அன்ட்டி கதைக்கட்டும், சனிக்கிழமை இயக்குநர் வந்து பார்க்கட்டும். திருப்தி என்றால் கண்காட்சி முடியும் வரைக்கும் அவள். இல்லையென்றால் குரல்.

"நான் வேணுமா, மெஷின் வேணுமா என்டு பாக்கப் போறாங்க," என்றாள் றலியா அன்றிரவு சாப்பாட்டுக்கு இருக்கும்போது.

"மெஷினுக்குப் பகல் சாப்பாடு குடுக்கத் தேவல்ல," என்றார் ஹமீட். ஆனால் அடுத்த நாள் தானே அவளை வேனில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

கண்காட்சி திறக்கும் முன்னமே மேனுகா அவளை அறைகளுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். சுவர் அளவுக்குப் புகைப்படங்கள். றலியா செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போனாள், ஏன் கழற்றினாள் என்று அவளுக்கே தெரியாது.

அமெரிக்க அறையில் முதலில் வெள்ளைத் தூண்கள் வைத்த மாளிகைகள். கிரேக்கர்களைப் பார்த்துச் செய்தது. கொட்டாஞ்சேனைப் பேராலயத்தின் முன்பக்கத்தைத் தினமும் பார்த்து வளர்ந்தவளுக்கு அது தூரத்துச் சொந்தக்காரரைச் சந்தித்தது போல இருந்தது. அடுத்தது நிலத்தோடு நிலமாகப் படுத்துக் கிடந்த வீடு. நீண்ட கூரை, நீண்ட ஜன்னல், எல்லாமே கிடையாக. புல்வெளிப் பாணி என்றாள் மேனுகா. எட்டாத தூரம் வரைக்கும் புல்லாகக் கிடக்கிற தேசத்தில் நிலத்தைப் பார்த்து வீட்டையும் கிடத்தியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் வானளாவிகள்.

"இது ஆர்ட் டெக்கோ, அன்ட்டி. படிபடியாக உள்ளே ஒடுங்கிப் போவதைப் பாருங்கள். சில கட்டிடங்களில் மூலையை வட்டமாக வளைத்திருப்பார்கள், சுவரில் கிடையாக மூன்று கோடு போட்டிருப்பார்கள். கப்பல் மாதிரி வட்ட ஜன்னல். அப்படிக் கண்டால் அந்தக் குடும்பம்தான்."

றலியா திடுக்கிட்டாள். வட்ட மூலை, மூன்று கோடு, கப்பல் ஜன்னல். அவர்களுடைய ஒழுங்கையில் அப்படி ஒரு வீடு நின்றது. இப்போது பத்து மாடி நிற்கிற இடத்தில்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். ஹமீட் சோற்றைப் பிசைந்தபடி எல்லாவற்றையும் கேட்டார்.

"நான் ஒடச்ச ஊட்டுக்குப் பேர் கண்டுபுடிச்சிட்டு வந்தீக்கிறாய்," என்றார் கடைசியில். "ஒடைக்கக்குள்ள அந்த வளைவு லேசில விழல்ல, தெரியுமா? ரெண்டு நாள் நின்டு புடிச்சிச்சி."

மறுநாள் றலியா ஆபிரிக்க அறைக்குள் போனாள். சிம்பாப்வேயில் சுண்ணாம்போ சீமெந்தோ ஒரு துளி இல்லாமல் கல்லின் மேல் கல்லை அடுக்கி எழுப்பிய வட்ட மதில், பல நூறு வருஷமாக நிற்கிறது. அதன் நெற்றியில் மட்டும் கற்களைச் சாய்த்து வைத்து ஒரு கோலம். கலவை இல்லாமல் எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறது? குவிமாடத்தைப் பார்த்துச் சின்ன வயதில் கேட்ட அதே கேள்வி. தெற்கே இன்னொரு சனம், அங்கே வீட்டுச் சுவருக்கு நிறம் பூசுகிறவர்கள் பெண்கள். கறுப்புக் கரை போட்டு, நீலமும் மஞ்சளும் சிவப்பும் கொண்டு, சாரிக்கு முந்தானை மாதிரி வீட்டுக்கு முந்தானை போட்டிருந்தார்கள். ஒல்லியான துண்டுகளாக நெய்து ஒன்றோடொன்று தைத்த துணி. பிறகு முகமூடிகள். நீண்ட நெற்றி, மூடின கண், சின்ன வாய். மூன்றாவது அறையிலிருந்த நவீன ஓவியத்தில் ஒரு பெண்ணின் முகத்தைக் கண்டபோது அவள் திரும்ப ஓடிவந்து முகமூடியைப் பார்த்தாள். அதே மூக்கு. பாரிஸில் இருந்த ஓவியர்கள் இந்த முகமூடிகளைக் கண்டுதான் தாங்கள் கீறுகிற முகத்தையே உடைத்துப் புதிதாக அடுக்கினார்கள் என்று மேனுகா சொன்னாள்.

"யா அல்லாஹ்," என்றாள் றலியா. "ஒரு மரத்துண்டா இதெல்லாம் செஞ்சது?"

நவீன அறையின் கடைசிச் சுவரில் பெரிய கன்வஸ் ஒன்று. மேலே கருஞ்சிவப்பு, கீழே அதைவிடக் கறுத்த சிவப்பு, நடுவே கரைந்த கோடு, அவ்வளவுதான். அந்தித் தொழுகை மஃரிபுக்குப் பிறகு வெள்ளவத்தைக் கடல் இப்படித்தான் சில நாள் கிடக்கும். பத்து மாடி எழும்பிய பிறகு அவள் அதைப் பார்த்திருக்கவில்லை. கால் வலிக்கும் வரைக்கும் நின்றாள்.

ஒரு வாரம் படங்களின் பிரதிகளை வீட்டில் பரப்பிப் பழகினாள். ஒரு படத்தை எடுப்பாள், பாணியைச் சொல்வாள், அடையாளம் சொல்வாள். குசினி மேசையில் அமெரிக்கா, அயர்ன் பண்ணும் மேசையில் ஆபிரிக்கா. முகமூடிப் படத்தை மட்டும் தொழுகை நேரத்தில் ஹமீட் கவிழ்த்து வைப்பார், பிறகு அவரே நிமிர்த்தியும் வைப்பார். "ஒன்ட ஆள் முழிச்சிட்டாரு," என்பார்.

திறப்பதற்கு முதல்நாள் பின்னேரம் ஒரு புகைப்படம் பிந்தி வந்து சேர்ந்தது. மாலி தேசத்தில் ஜென்னே என்ற ஊரின் பெரிய பள்ளிவாசல். களிமண்ணால் கட்டியது. மூன்று கோபுரங்கள், ஓரமெல்லாம் கூம்புகள், சுவர் முழுக்க வரிசை வரிசையாக மரக்கம்புகள் வெளியே நீட்டிக்கொண்டு. மேனுகாவுக்கு நிற்க நேரமில்லை. "சூடான்–சாஹேல் பாணி. மண் கட்டிடம்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினாள்.

றலியாவுக்கு மேலதிகமாக எதுவும் தேவைப்படவில்லை. கம்புகளைக் கண்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது. சாரக்கட்டு. கொன்ட்ராக்டரின் பெண்சாதிக்குத் தெரியாதா? அவர்களுடைய ஒழுங்கைப் பள்ளிவாசலின் மினாராக் கோபுரமும் இப்படித்தான் வருஷக்கணக்கில் கம்பு குத்தியபடி நிற்கிறது. அனுமதி ஒன்று இழுபட்டு வேலை நின்றுபோனது. வேலையை எடுத்தவர் ஹமீட். "ஹமீட் நானாட முள்ளம்பன்டி" என்று அதற்குப் பேரே வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் ஏதாவதொரு வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்குப் பிறகு யாராவது கேட்பார்கள், பள்ளித் தலைவர் ஒரே பதிலைச் சொல்வார்: அடுத்த நோன்புக்குள்ள கழட்டிடுவம்.

முதலில் வந்தது கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வகுப்பு. கூட்டி வந்தவர் எவ்லின் டீச்சர். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பிள்ளைகளை எண்ணிக்கொண்டே உள்ளே வந்தவர் றலியாவை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்களா மிஸ் சொல்லித்தரப்போறீங்க? இவையளுக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல ஒண்டும் ஏறாது, சொல்லிப்போட்டன்."

ஏறியது. றலியா படித்ததை ஒப்புவிக்கவில்லை. தலைப்பாகைக் கட்டிடம் என்றாள், படுத்துக் கிடக்கும் வீடு என்றாள், முந்தானை போட்ட சுவர் என்றாள். "உங்கட பெரிய கோயில்ட முன்பக்கத்தில தூண் ஈக்கிதா இல்லையா?" என்று கேட்டாள். "ஈக்கிது!" என்று அவளுடைய பேச்சிலேயே பதில் கத்திவிட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தத் தூண் எங்கிருந்து எங்கெல்லாம் பயணம் போனது என்று சொன்னாள். முகமூடிக்கு முன்னால் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, நவீன அறையில் திறக்கச் சொன்னாள். "அதே மூக்கு மிஸ்!" என்று ஒருவன் துள்ளினான்.

மண் பள்ளிவாசலுக்கு வந்தார்கள்.

"இது சூடான்–சாஹேல் பாணி. முழுக்கக் களிமண். பாருங்க, இன்னும் கட்டி முடியல்ல. சாரக்கட்டுக் கம்பு அப்படியே குத்திக்கிட்டு ஈக்கிது." சாரக்கட்டு எப்படிக் கட்டுவார்கள், பாஸ்மார் பலகையில் நின்று எப்படிப் பூசுவார்கள் என்று கையை வீசி நடித்தே காட்டினாள்.

மிதுனா என்ற பிள்ளை, இரட்டைப் பின்னலும் பெரிய கண்ணாடியுமாக, முன்னுக்கு வந்தாள். "மிஸ், அப்ப எப்ப கட்டி முடிப்பினம்?"

"அடுத்த நோன்புக்குள்ள!" என்றாள் றலியா, தங்கள் பள்ளித் தலைவரின் குரலில், வயிற்றைத் தள்ளிக்கொண்டு. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. எவ்லின் டீச்சர்கூடக் குடையால் வாயை மறைத்துக்கொண்டார். மூலையில் நின்ற மேனுகாவுக்குத் தமிழில் வணக்கமும் சாப்பிட்டீங்களாவும்தான் தெரியும். சிரிப்புக்கு மொழி வேண்டியதில்லை. அவள் பெருவிரலை உயர்த்திக் காட்டினாள்.

றலியா வீட்டுக்கு மிதந்து போனாள். இரவு ஹமீட்டிடம் பிரதியைக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"எவன் இந்தக் கொன்ட்ராக்டர்? கம்பக் கழட்டாமப் போயீக்கிறான்."

"உங்கட கூட்டாளிதான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மறுநாள் கூட்டம் இல்லை. மேனுகாவின் அறையில் கிடந்த தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றைச் சும்மா புரட்டினாள் றலியா. அதே பள்ளிவாசல் வந்தது. ஆனால் படம் கறுப்பு வெள்ளை. ஓரமெல்லாம் மங்கிப்போன பழைய தபாலட்டைப் படம், அவளுடைய வாப்பாவின் வாப்பா பிறக்கும் முன்னர் எடுத்தது. அதிலும் கம்புகள் இருந்தன, வரிசை வரிசையாக.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை காலமாகவா சாரக்கட்டுக் கழற்றவில்லை? கீழே இருந்த ஆங்கிலத்தைப் பொறுக்கிப் பொறுக்கி வாசித்தாள். விளங்காத சொற்களைப் போனில் தட்டினாள். பனைமரக் கம்புகள். கட்டும்போதே சுவருக்குள் வைத்துக் கட்டியவை. கழற்றுவதற்கு அல்ல. ஒவ்வொரு மழைக்கும் மண் கரையும். ஆகவே வருஷத்தில் ஒரு நாள் ஊர் முழுக்கத் திரளும். ஆற்றங்கரையில் குழைத்த சேற்றை இளைஞர்கள் கூடைகூடையாகச் சுமந்து ஓடுவார்கள், பெண்கள் தண்ணீர் கொண்டுவருவார்கள், மேஸ்திரிமார் அந்தக் கம்புகளைப் பிடித்து ஏறி வெறுங்கையால் பள்ளிவாசலுக்குப் புதுத் தோல் பூசுவார்கள். அடுத்த வருஷம் திரும்பவும். அதற்கடுத்த வருஷமும்.

றலியா புத்தகத்தை மூடாமலே எழுந்தாள். அவள் அறைக்குப் போய்ப் புகைப்படத்துக்கு முன்னால் நின்றாள். நேற்று முடியாத கட்டிடமாகத் தெரிந்தது இன்று வேறொன்றாக நின்றது. மழை வரும் என்று தெரிந்தே கட்டியிருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் ஏறுவதற்கு ஏணியைச் சுவரிலேயே விட்டுவைத்துப் போயிருக்கிறார்கள். சுவரை உற்றுப் பார்த்தால் விரல் இழுத்த தடங்கள் தெரிந்தன. எத்தனை பேருடைய கை. தன் வாழ்நாளில் எத்தனையோ கட்டிடத்துக்கு முகம் கண்டவள் இதற்குக் காணவில்லையே. கம்பைக் கண்டாள், தன் ஒழுங்கையைக் கண்டாள், கண்ணை மூடிவிட்டாள்.

சந்தோஷமா வெட்கமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. 

"விடு," என்றார் ஹமீட் இரவு. "புள்ளைகள்தானே. மறந்திடும்."

"மறக்காது. நான்தான் சிரிக்க வச்சிட்டேனே. சும்மா சொல்லியிருந்தா மறந்திருக்கும்."

"ஆருக்கும் தெரியாது. சனிக்கிழமை பெரியவர் வந்து பாக்குற வரைக்கும் வாய வச்சிட்டுச் சும்மா ஈந்தாச் சரி."

 அப்படி இருந்துவிட்டால் சரிதான் என்று அவளுக்கும் தோன்றாமல் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கலைக்கூடத்துக்குப் போனபோது மேனுகா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். கொட்டாஞ்சேனை வகுப்புப் பிள்ளைகள் கீறிய படங்களை எவ்லின் டீச்சர் அனுப்பியிருந்தார். "பாருங்கள் அன்ட்டி, விரும்பினதைக் கீறச் சொன்னாராம். முக்கால்வாசிப் பேர் மண் பள்ளிவாசலைத்தான் கீறியிருக்கிறார்கள்! நாளைக்கு இயக்குநருக்கு இதைக் காட்டினால் போதும். ஒலிப்பதிவு இப்படிக் கீற வைக்குமா?" நடைபாதைச் சுவரில் எல்லாவற்றையும் ஒட்டியே விட்டிருந்தாள்.

றலியா பார்த்தாள். மஞ்சள் பள்ளிவாசல், சிவப்புப் பள்ளிவாசல். எல்லாவற்றிலும் கம்புகள். கம்புகளின் மேல் பலகை. பலகையில் மஞ்சள் ஹெல்மட் போட்ட பாஸ்மார். கீழே சீமெந்து கலக்கும் மெஷின். ஒன்றில் கிறேன். மிதுனாவின் படத்தில் வாசலில் ஒரு போர்டு: 'வேலை நடைபெறுகிறது. அடுத்த நோன்புக்குத் திறக்கப்படும்.'

மேனுகா தலையைச் சாய்த்து ஒரு படத்தை விரலால் தொட்டாள். "ஆனால் எல்லாரும் ஏன் சீமெந்து மெஷின் கீறியிருக்கிறார்கள்?"

பிள்ளைகளின் கற்பனை என்று ஒரு சொல் போதும். றலியாவின் நாக்கு வரைக்கும் அது வந்தது. படங்களைப் பார்த்தாள். எவ்வளவு கவனமாகக் கீறியிருக்கிறார்கள். ஒவ்வொரு கம்பையும் எண்ணி எண்ணி வைத்திருக்கிறார்கள்.

"நான் பிழையாச் சொன்னதால," என்றாள் சிங்களத்தில். முழுவதையும் சொன்னாள், அடுத்த நோன்பையும்.

மேனுகா முதலில் சிரிக்கப் பார்த்தாள், பிறகு அவளுடைய முகம் விழுந்தது. நாற்காலியில் இருந்தாள். "ஐயோ அன்ட்டி. பிழை வரும் என்றுதானே இயக்குநர் அன்றைக்கே சொன்னார்."

"ஓ. அவருக்கு நீங்க சொல்லுங்க. மறைக்க வேணாம்."

மேனுகா போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள். றலியா நடைபாதையில் நின்றாள். சீமெந்து மெஷின்கள் சுவரெல்லாம் சுழன்றுகொண்டிருந்தன. வேலை போனதென்றே நினைத்தாள். போகட்டும், அந்த மூன்று அறையையும் பார்த்தாயிற்று, அதை யாரும் திருப்பி வாங்க முடியாது என்று மனதைத் தேற்றினாள். மனம் தேறவில்லை. அந்தச் சிவப்புக் கன்வஸுக்கு முன்னால் இன்னும் ஒரு தடவை நிற்க வேண்டும் போல இருந்தது.

மேனுகா திரும்பி வந்தாள். "சரியான கோபம். படங்களைக் கழற்றச் சொன்னார், நான் மாட்டேன் என்றேன். பிறகு சொன்னார், பிழை சொன்னவர் அதே பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லட்டும், பிள்ளைகள் திரும்பவும் கீறட்டும், நாளைக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன் என்று. அதற்குப் பிறகுதான் முடிவாம்."

"அப்ப இப்பவே போகணும்."

பஸ்ஸுக்கு நின்றால் வகுப்பு முடிந்துவிடும். ஹமீட்டுக்குப் போன் எடுத்தாள். சீமெந்து மூட்டை ஏற்றிய வேனோடே வந்தார். ஜும்மாவுக்கு முன்னர் திரும்பவேண்டும் என்று கோட்டைப் பகுதி வரைக்கும் முணுமுணுத்தார், கொட்டாஞ்சேனையில் வீதி அடைத்துக்கொண்டபோது ஹோர்னில் கையை வைத்தபடியே இருந்தார். பேராலயத்துக் குவிமாடம் கூரைகளுக்கு மேலால் எழும்பியது. றலியா குனிந்து அதைப் பார்த்துக்கொண்டாள்.

எவ்லின் டீச்சர் வகுப்பு வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றார். "என்ன மிஸ், எங்களைப் பாக்காம இருக்கேலாமப் போச்சா?"

"டீச்சர், நான் இவங்களுக்கு ஒரு பொய்யச் சொல்லிட்டுப் போயிட்டேன்."

"பொய்யோ! நல்லாக் கிடக்கு. நான் இருவது வருஷமாச் சொல்லித்தாறன், ஒருநாளும் ஒருத்தரும் திருத்த வந்ததில்லை. வாங்க உள்ளுக்கு."

றலியா புகைப்படத்தின் பிரதியைக் கரும்பலகையில் ஒட்டினாள். அதன் பக்கத்தில் புத்தகத்திலிருந்து பிரதி எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை ஒட்டினாள். ஒதுங்கி நின்றாள். பிள்ளைகள் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"மிஸ்," மிதுனா எழும்பினாள், "இது உங்கட வாப்பா காலத்துப் படமா?"

"அதுக்கும் முந்தி."

"அப்பவும் கம்பு இருக்கு."

"இருக்கு."

 றலியா சொல்லத் தொடங்கினாள். மழை, கரையும் மண், ஆற்றங்கரை, கூடையோடு ஓடுகிற பையன்கள், தண்ணீர்க் குடத்தோடு பெண்கள், கம்பில் ஏறுகிற மேஸ்திரிமார். இந்தத் தடவை அவள் நடிக்கவில்லை, அவளுடைய குரல் தாழ்ந்து போயிற்று. பின் வாங்கிலிருந்தவர்கள் முன்னுக்கு வந்து நிலத்தில் இருந்தார்கள். கதவுக்கு வெளியே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஹமீட் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. சுவரோரம் நின்றார், சட்டையெல்லாம் சீமெந்து.

"ஊர் முழுக்கவா மிஸ்?"

"ஊர் முழுக்க. ஒரே நாளில."

"எங்கட திருவிழாவுக்குத் தேர் இழுக்கிற மாதிரி," என்றான் ஒருவன்.

"அப்ப மிஸ்," மிதுனா கண்ணாடியை மேலே தள்ளினாள், "அது எப்ப முடியும்?"

"முடியாது மகள். நிறுத்தினா விழுந்திடும். முடிக்காம ஈக்கிறதாலதான் நிக்கிது."

மிதுனா உட்காரவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், வாய் இலேசாகத் திறந்திருந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தை நாளைக்கு இயக்குநருக்கும் காட்டவேண்டும் என்று றலியா நினைத்திருந்தாள், ஆனால் அதைக் கழற்ற மனம் வராமல் கரும்பலகையிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

திரும்பும்போது ஹமீட் ஹோர்னையும் தொடவில்லை, கைக்கடிகாரத்தையும் பார்க்கவில்லை. 

"ஒரு பூச்சு ஒரு வருஷம் நிக்கிதா," என்றார் திடீரென்று. "எங்கட பூச்சு ரெண்டு மழைக்கு வெடிக்கிது."

அன்றைக்கே பிள்ளைகள் வகுப்பில் திரும்பக் கீறிய புதுப் படங்கள் சனிக்கிழமை வந்தன. எவ்லின் டீச்சரே பஸ்ஸில் கொண்டுவந்தார். இயக்குநர் ஒல்லியான, அவசரமான மனிதர். நடைபாதையில் இரண்டு வரிசையையும் பார்த்துக்கொண்டே நடந்தார். மேல் வரிசையில் கிறேன், மெஷின், ஹெல்மட். கீழ் வரிசையில் அதே கம்புகள், ஆனால் கம்புகள் தெரியாத அளவுக்கு ஆட்கள். கூடையோடு, குடத்தோடு, ஒருவர் தோளில் ஒருவர். ஒன்றில் எவ்லின் டீச்சர் குடையோடு கோபுர உச்சியில் நின்றார். டீச்சர் அதைக் கண்டு, "ஆர் இந்தக் கழுதை?" என்று பேரைத் தேடினார். மிதுனாவின் படத்தில் போர்டு அப்படியே இருந்தது. 'வேலை நடைபெறுகிறது' என்று மட்டும், மீதியை அழித்திருந்தாள்.

இயக்குநர் அந்தப் படத்துக்கு முன்னால் கூடுதலாகவே நின்றார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார். றலியா சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். இரண்டு வரிசையும் கண்காட்சி முடியும் வரைக்கும் இங்கேயே இருக்கட்டும் என்றார். போகும்போது, "ஒரு புது விஷயம் வந்தால் முதலில் கேளுங்கள், பிறகு சொல்லுங்கள். திங்கட்கிழமை வத்தளைப் பாடசாலை, நேரத்தோடு வாருங்கள்," என்றார்.

மேனுகா அவளைக் கட்டிப்பிடித்தாள். எவ்லின் டீச்சர் தனக்குப் பசிக்கிறது என்றார்.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம், பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, ஹமீட் தன்னுடைய பாஸ்மார் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். தூண் மாளிகையையோ தலைப்பாகைக் கட்டிடத்தையோ அவர்கள் அதிகம் சட்டை செய்யவில்லை. மண் பள்ளிவாசலுக்கு முன்னால் போய் நின்றார்கள். வேலையில் இருக்கும்போது ஓயாமல் ஒருவரையொருவர் நக்கலடிக்கிற ஆட்கள், இப்போது கழுத்தை நீட்டிக் கம்புகளை எண்ணினார்கள். மூத்த பாஸ் ஒருவர் கையைத் தூக்கி, படத்தைத் தொடாமல், அந்த விரல் தடங்களின் மேலால் காற்றில் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"சொல்லன்," என்றார் ஹமீட் மெதுவாக. "கொட்டாஞ்சேனைப் புள்ளைகளுக்குச் சொன்ன மாதிரி."

றலியா தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினாள்.